தனக்குத் தானே ஜோடி

வேலூர் வரை தூங்கலாம் என்றுதான் பஸ் ஏறினேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். மடியில் லேப்டாப் வைத்திருந்த சின்னவள் ஆரம்பித்தாள்.

"நம்ம கம்பெனில ஒவ்வொரு ஷூவும் தனக்குத் தானே ஜோடியாம்க்கா. கம்ப்யூட்டர் சொல்லுது."

"இன்னாடி சொல்ற?"

"ரூலை மட்டும் எழுதினா போதும், ஸ்டாக்குல அதுவே தேடி எடுக்கும். ஒரே தோல்ல வெட்டினது, ஒரே சைஸ், அப்படின்னா ஜோடின்னு எழுதினேன்."

"சரிதானே?"

"ஒரு ஷூவுக்கும் அதே ஷூவுக்கும் தோலும் ஒண்ணு, சைஸும் ஒண்ணு. அதான் ஜோடின்னுடுச்சு. வேற வேற ஷூவா இருக்கணும்னு சேர்த்தேன். இப்ப ரெண்டு இடது ஷூவை ஜோடி போடுது. நாளைக்கு ஷூ ஆர்டர் கொடுக்க வர்ற பையருக்கு இதைத்தான் காட்டணும்."

பெரியவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு இடது, ஒண்ணு வலதுன்னு எழுதலியா? பேக்கிங்ல எத்தினி பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கேன். ஒருத்தருக்கும் இதைச் சொன்னதில்ல."

சின்னவள் லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தாள்.

"அவங்களுக்கெல்லாம் கால் இருந்துச்சுக்கா" என்றாள்.