முப்பத்தோரு ஜோடிப் பலகைகள்

ஜோடியைப் பிரித்து வைக்க வேண்டும், மேடம். நீங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பனிச்சறுக்குக்கு வருகிறவர் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன். மலை மேல் சூப் குடிக்கப் போகிறவர்கள் இரண்டு பலகைகளையும் ஒன்றாகச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. ஒன்றை வாசலுக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தக் கோடியிலும் நிறுத்திவிட்டுப் போங்கள். ஒற்றைப் பலகையை எவனும் தூக்க மாட்டான். அதன் இணையை நூறு பலகைகளுக்கு நடுவில் தேடிக்கொண்டு நிற்கவும் மாட்டான்.

ஸ்னோபோர்டு ஒரே பலகை, அதை வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் கம்பிப் பூட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதையும் பலகையைச் சுற்றிப் போட்டால் உருவிவிடலாம். காலைப் பிடிக்கிற கொக்கிக்குள் விட்டு எடுத்துப் பூட்ட வேண்டும். பக்கவாட்டில் ஓர் எண் பொறித்திருக்கும், வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட நல்லது, ஆள் இருக்கிற அறையில் ஒப்படைத்துவிட்டுப் போவது. ஹோஹன்பிர்க்கில் பத்தொன்பது குளிர்காலமாக அந்த ஆள் நான்தான்.

நீங்கள் லூபோவைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன்.

என் காப்பறை ரோப் கார் கீழ் நிலையத்துக்கு அடியில் இருக்கிறது. நானூறு ஜோடி நிற்கும். லூபோவின் மேசை என் சன்னலை ஒட்டி. ஸ்லோவாக்கியாவிலிருந்து டிசம்பரில் வருவான், ஏப்ரலில் போவான், பதினோரு வருஷமாக. பலகைகளுக்கு மெழுகு பூசுவதும் ஓரத்து இரும்பைத் தீட்டுவதும் அவன் வேலை. நல்ல கை. வாய்தான் ஓயாது. "யோவ் காவல்காரா, என் சாண்ட்விச்சுக்கும் ஒரு பூட்டுப் போடு, நேத்து பாதியைக் காணோம்" என்பான். பாதியைத் தின்றது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். மறுநாள் அவன் ஒன்று கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் காப்பறையில் பாதிக் கொக்கிகள் காலியாக இருந்தன. கட்டடத்தின் உரிமையாளர் ப்ராக்ஸ்மாரர் வந்து கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அடுத்த வருஷம் இங்க எண் பூட்டு வச்ச பெட்டிங்க போட்டுடலாம்னு பார்க்கறேன், வின்சென்ஸ். ஆளே தேவைப்படாது" என்றார். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. என் முழங்கால் நாள் முழுக்கப் பனியில் நிற்காது. காப்பறையின் பின்சுவரில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் என் கட்டிலும் அடுப்பும். அந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் மேலே உணவகத்துக்கு வெளியே ஹாலந்துப் பல் மருத்துவர் ஒருவர் புத்தம் புதுச் சிவப்புப் பலகைகளை ஜோடியாகச் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அரை மணி நேரம் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தடவைகூடச் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு வந்தேன். நான் திருடினேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எடுத்து வைத்தேன் என்று எழுதினால் சரியாக இருக்கும். நான் எதையும் விற்கவில்லை, ஒரு நாளும் அதில் ஏறி நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊர் முழுக்க அதே பேச்சு. மறுநாள் காலை என் சன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. ப்ராக்ஸ்மாரர் அதற்குப் பிறகு பெட்டிகளைப் பற்றிப் பேசவில்லை. விடுதிகளில் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். ஜோடியைப் பிரிப்பது, கம்பியைக் கொக்கிக்குள் விடுவது, எல்லாம் சொன்னேன். பிறகு கூட்டம் குறைகிற வாரங்களில் மட்டும் ஒரு ஜோடியோ இரண்டோ எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நாலு குளிர்காலத்தில் முப்பத்தோரு ஜோடி. வீட்டுக்கு வீடு பயமுறுத்திய திருடன் என்று பத்திரிகையில் போட்டார்கள். நானூறு கொக்கிகளில் முப்பத்தொன்று எத்தனை பங்கு என்று யோசித்துப் பாருங்கள்.

அவற்றை மலை இடுப்பில், ஆட்களைக் கயிற்றில் மேலே இழுத்த பழைய லிஃப்ட் நிலையத்தில் வைத்தேன். அந்த லிஃப்ட் ஓடி இருபது வருஷம் ஆகிறது. கயிற்றை இழுத்துப் பிடிக்க எடைக்கல் தொங்கிய அறை ஒன்று உண்டு. கான்கிரீட், சன்னல் இல்லை, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம், இரும்புக் கதவு. ஒரு விளக்கு மட்டும் இன்னும் எரிகிறது. பூட்டு நான் போட்டது, வெளியிலிருந்துதான் திறக்கும். பனி வண்டியில் போய் வாரம் ஒரு தடவை துரு பிடிக்காமல் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வருவேன்.

திருட்டு என்றால் ஊர் யாரையாவது பார்க்கும். லூபோவைப் பார்த்தது. வெளியூர்க்காரன், கையில் தினமும் நல்ல நல்ல பலகைகள் புழங்குகின்றன. அவன் அறையை இரண்டு தடவை சோதனை போட்டார்கள். போன குளிர்காலம் வந்த உங்கள் போலீஸ்காரர் என்னைக் கேட்டபோது, அவன் எடுத்தான் என்று நான் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும் என்றுதான் சொன்னேன். அதைப் பதிவில் பார்க்கலாம். அடுத்த டிசம்பரில் வர வேண்டாம் என்று ப்ராக்ஸ்மாரர் அவனிடம் இந்த மார்ச்சில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு லூபோ சாண்ட்விச்சைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டான். எனக்கும் அது வருத்தம்தான்.

சீசன் முடிகிற சனிக்கிழமை நண்பகலில் நான் எடைக்கல் அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. பழைய லிஃப்டின் கயிற்றுச் சுருளை எடுத்து வரச் சொல்லி ப்ராக்ஸ்மாரர் லூபோவை அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாது. நிழல் விழுந்ததும் திரும்பினேன். அவன் வாசலில் நின்றான்.

முதலில் அவன் சிரித்தான். "என்னய்யா, மேல ஒரு கிளை திறந்திருக்கே, சொல்லவே இல்ல" என்றான். உள்ளே வந்து சிவப்புப் பலகையின் ஓரத்தை விரலால் தடவினான். அதில் ஒரு வெட்டின் தடம் இருந்தது. காணாமல் போவதற்கு முந்தின நாள் அவன்தான் அதைத் தேய்த்துச் சரி செய்திருந்தான். விரல் அந்த இடத்தில் நின்றது.

"இது அந்தப் பல் டாக்டரோடது."

நான் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தேன்.

"என் பெட்டியைத் தலைகீழாக் கொட்டினாங்க, வின்சென்ஸ். என் பொண்ணு எழுதின கடுதாசியெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தாங்க. நீ கதவுப் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தே."

"காப்பறையை மூடப் பார்த்தாங்க, லூபோ."

"அதனால என்னை மூடிட்டியா?"

குரலை உயர்த்தவில்லை அவன். ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "நான் போய்ச் சொல்லப் போறதில்ல. நீயே போ. நாலு மணிக்குள்ள ப்ராக்ஸ்மாரர்கிட்ட போய் உன் வாயால சொல்லு. சொன்னா நானும் உன்கூட நிக்கறேன். கிறுக்கன், ஆனா கெட்டவன் இல்லன்னு சொல்றேன்."

பிறகு எழுந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகைகளை எண்ண ஆரம்பித்தான். பதினான்கு, பதினைந்து. நான் வெளியே வந்தேன். அந்தக் கதவைத் திறந்து போட்டால் பனி உள்ளே அடித்துக்கொண்டு வரும். வெளியே வந்தால் மூடுவது என் பழக்கம். மூடினேன். பூட்டும் அதுவாகவே விழுகிற மாதிரி நான் அமைத்தது.

ஒரு மணி நேரம் யோசிக்கத்தான் நினைத்தேன். போன் வைத்திருந்தான், ஆனால் அந்தக் கான்கிரீட்டுக்குள் சிக்னல் எட்டாது. அவனுடைய பலகைகள் வெளியே பனியில் நின்றன. ஜோடியாக, பூட்டில்லாமல். பதினோரு வருஷம் என் பக்கத்தில் இருந்தும் அந்தப் பழக்கம் அவனுக்கு வரவில்லை. அவற்றை வண்டியில் கட்டிக்கொண்டு கீழே வந்தேன். நாலு மணிக்கு ப்ராக்ஸ்மாரர் விடுதி வாசலில் ஊழியர்களுக்குப் பீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "லூபோ எங்க? கயிறு எடுத்துட்டு வரச் சொன்னேனே" என்றார். கயிறு நாளைக்குன்னுட்டு, கடைசியா ஒரு தடவை முகட்டுப் பக்கம் சறுக்கிட்டு வர்றேன்னு போனான் என்றேன். அது வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகு அதற்கேற்ற மாதிரி நடக்க வேண்டியதாகிவிட்டது.

ஞாயிறு காலை மேலே போனேன். துவாரம் வழியாகப் பேசினான். "கோபமெல்லாம் இல்ல, திற. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றான். சனிக்கிழமை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஒரு ராத்திரி அந்தக் குளிரில் கிடந்தவன் சொல்லாமல் இருப்பானா? அவன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு மணிக்கும் கதவைத் திறப்பது எனக்குக் கஷ்டமாகிக்கொண்டே போனது. அதை அவனிடமும் சொன்னேன். ரொட்டியும் பன்றிக்கறித் துண்டும் துவாரம் வழியாகத் தள்ளினேன். தண்ணீர் கேட்டான். தேநீர்க் குடுவை துவாரத்தில் நுழையவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் திரும்பவில்லை என்று ப்ராக்ஸ்மாரர் தகவல் கொடுத்து, திங்களன்று அவன் மனைவி யர்மிலா பேருந்தில் வந்து இறங்கினாள். விடுதிகளை மூடிவிட்டார்கள், அதனால் என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் காப்பறை பெஞ்சில் நான் படுத்தேன். மீட்புக் குழுத் தலைவர் குவிரின் இருபத்திரண்டு பேரோடு வந்தார். பனிச்சரிவில் புதைந்திருப்பான் என்று முகட்டுக்குக் கீழே வரிசையாக நின்று நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். தேநீர் கொண்டுபோனது நான்தான். பிற்பகலில் பழைய லிஃப்ட் நிலையத்தின் வெயில் பக்கம் உட்கார்ந்து குடித்தார்கள். கதவுக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். பனி வண்டியின் இன்ஜின் குளிர்ந்துவிடக் கூடாதே என்று நான் அதை ஓடவிட்டேன். அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் ஓடியது. "அதை அணையேன்யா, காது போகுது" என்றார் குவிரின். அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்றேன்.

யர்மிலா மலையடிவாரத்தில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவளுக்கு மாவு உருண்டை போட்ட சூப் வைத்துக் கொடுத்தேன். "அவர் கடுதாசியில எல்லாம் உங்களைப் பத்தித்தான் எழுதுவார். அங்க எனக்கு ஒரு அண்ணன் மாதிரின்னு" என்றாள். நான் இன்னொரு உருண்டை வைத்தேன்.

செவ்வாய் நண்பகல் துவாரத்துக்கு வாயை வைத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன்; அதுவரை அவன்தான் தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். குவிரினின் ஆட்கள் இன்னும் குத்திக்கொண்டிருந்தார்கள். போதும் என்று எப்படிச் சொல்வது? தேநீர் ஊற்றினேன்.

புதன் காலை யர்மிலா முகம் கழுவிவிட்டுக் காப்பறைக்குள் வந்தாள். காலிக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கடைசி வரிசையில் நின்றாள். லூபோவின் பலகைகள் அங்கே தொங்கின. பள்ளத்தில் வீசியிருக்கலாம், உடைத்து எரித்திருக்கலாம், நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். அவனே மெழுகு பூசிய பலகைகள் அவை. துடைத்து, அவனுடைய கொக்கியிலேயே மாட்டியிருந்தேன்.

"இது அவரோடது" என்றாள்.

"ஆமா."

"பலகை இல்லாம எப்படிங்க முகட்டுக்குப் போனார்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய சாவிகளைப் பார்த்தாள், பிறகு செருப்பு மாட்டாமலே வெளியே ஓடி குவிரினைக் கூப்பிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். குவிரின் கேட்டபோது எந்தச் சாவி என்று நானே காட்டினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். லூபோவை உள்ளே வைத்துப் பூட்டியது நான். அவன் தட்டியது எனக்குக் கேட்டது. நாலு நாளும் சாவி என் கழுத்தில் இருந்தது. யாரும் என்னைத் தூண்டவில்லை. தட்டச்சு செய்து கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மேசையில் பரப்பி வைத்திருக்கிறீர்களே, இந்த அட்டைச் சீட்டுகள், இவற்றைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் நான் ஒன்று கட்டியிருந்தேன்: யாருடையது, எந்த நாள், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார். லூபோ பத்தொன்பதை அவிழ்த்துப் பின்பக்கத்தில் அவன் மொழியில் எழுதியிருக்கிறான். யர்மிலாவுக்கும் மகளுக்கும் என்று சொன்னீர்கள். அந்த மொழி எனக்கு வாசிக்கத் தெரியாது. கடைசிச் சீட்டுகளில் எழுத்து கோட்டில் நிற்காமல் சரிந்துகொண்டே போகிறது, அது தெரிகிறது.

ஆனால் அவிழ்த்ததை எந்தப் பலகையிலிருந்து அவிழ்த்தான் என்று அவன் குறிக்கவில்லை. பத்தொன்பது ஜோடி யாருடையது என்று இனி யார் சொல்ல முடியும்? எவ்வளவு கவனமாக நான் அவற்றைப் பார்த்துக்கொண்டேன் என்று அவன் கண்ணால் கண்டான். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்தவன், மேடம். அவன் எனக்கு இப்படிச் செய்திருக்க வேண்டாம்.