ஏரிக்குள் வீடு, ஏரிக்குக் கீழே கழனி

"உன் ஊட்ட இடிக்கிறேன்னு சொல்ற கட்சிக்குத்தான் மேரிக்கா நான் ஓட்டுப் போடப்போறேன்."

தொண்ணூறுகளில் ஒரு தேர்தல் சமயம். அயனம்பாக்கத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் பக்கத்தில் நின்றவளிடம் இப்படிச் சொன்னாள். மேரி, ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவள். சொன்னவளுக்கு அந்த ஏரித் தண்ணீரில் விளையும் கழனி இருந்தது.

"இன்னா சரோ இப்டி சொல்ற? பத்து வருசமா அங்கதான கீறேன்."

"நீ மட்டும்னா பரவால்ல. இன்னொரு கட்சி சொல்ற மாதிரி பட்டா குடுத்தா ஏரி பூரா ஊடாயிடும். அப்பால கழனிக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"இடிச்சிட்டா நான் எங்க போவேன்?"

சரோ கையிலிருந்த கேனைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊட்டுக்கு வா. பின்னாடி ரூம்பு காலியாதான் கீது."

"ஒரு மாசம் இருக்கலாம். காலத்துக்கும் இருக்க முடியுமா? பட்டா தரேன்றவனுக்குத்தான் நான் போடுவேன்."

"போடு. நான் வேணான்னா சொன்னேன்?"

வரிசை நகர்ந்தது. இருவரும் கேனைக் காலால் தள்ளிக்கொண்டே முன்னால் போனார்கள்.

"ஓட்டுப் போட எத்தினி மணிக்குப் போவ?" என்று மேரி கேட்டாள்.

"காலைல ஏழு மணிக்கே."

"போறப்ப என்னையும் கூப்டு. ஒண்ணாவே போலாம்."