பச்சைச் சீட்டு

எனக்குக் கண் நல்ல கண், சார். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கண்ணாடி போடவில்லை. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் அந்த மேசையில் எழுதுவதை இங்கிருந்தே தலைகீழாக வாசிக்கிறேன். ராமசுப்பு என்ற என் பெயருக்கு முன்னால் ‘எதிரி’ என்று போட்டிருக்கிறார். போடட்டும். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாக டவுன் பஸ் ஏறி வந்தேன்.

என் வேலையே கண்ணால் செய்கிற வேலை. லேப்ராஸ்கோப் என்று ஒரு குழாய் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறி, வயிற்றுக்குள் காற்றடைத்து, அந்த வழியாக அதை உள்ளே விடுவார்கள். டாக்டர் வெளியே இருந்து ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே பார்ப்பார். வயிற்றுக்குள் இருட்டுதானே. அங்கே வெளிச்சத்தைக் கொண்டுபோவது குழாய்க்குள் இருக்கும் கண்ணாடி இழைகள், தலைமுடியை விட மெல்லிசு, ஆயிரக்கணக்கில் இருக்கும். குழாயைக் கீழே போட்டால் இழைகள் ஒடியும். முரட்டுத்தனமாகக் கழுவினாலும் ஒடியும். ஒடிந்ததைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. ஒரு முனையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி மறுமுனையைப் பார்க்க வேண்டும். நல்ல இழை வெள்ளையாகத் தெரியும், ஒடிந்தது கரும்புள்ளியாகத் தெரியும். நாலில் ஒரு பங்கு கறுத்துவிட்டால் அந்தக் குழாயை ஒதுக்கிச் சிவப்புச் சீட்டு கட்டுவேன். சரியாக இருந்தால் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பச்சைச் சீட்டு. இந்த வட்டாரத்தில் பச்சைச் சீட்டு இல்லாத குழாய் எந்த வயிற்றுக்குள்ளும் போகக் கூடாது. அதுதான் விதி. மெட்ராசில் மூன்று மாதம் இருந்து படித்துவிட்டு வந்து, அரசாங்கச் சம்பளத்தில் இதைச் செய்தேன்.

முத்துசெல்வி என் ஒரே தங்கச்சி. எப்போதும்வென்றான் ஊரில் கட்டிக்கொடுத்தோம். அவள் புருஷன் மாடக்கண்ணு ஆட்டுக்கிடை போட்டு, கொஞ்சம் உளுந்தும் மல்லியும் விதைக்கிறவன். இரண்டு பிள்ளைகள். தொண்ணூற்று நாலு மார்ச்சில் அவளுக்கு இருபத்தேழு வயது.

அப்போதெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு உண்டு, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வாத்தியார், கிராம நிர்வாக அதிகாரி, பால்வாடி டீச்சர் எல்லாரும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் இத்தனை பேரைக் கூட்டி வர வேண்டும். வெள்ளாமை எடுத்து முடிந்து பெண்கள் சும்மா இருக்கிற மாதம். ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழப் படுக்கவைப்பார்கள். குடல் நெஞ்சுப் பக்கம் ஒதுங்கி இடம் விட வேண்டும் என்பதற்காக. முன்கையில் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதுவார்கள். அன்று எழுபத்தெட்டு நம்பர் வரை போயிற்று.

கத்தி பிடித்தவர் கண்ணபிரான் டாக்டர். கை வேகம், வாய் அதைவிட வேகம். மூன்று குழாய்களில் ஒன்று மங்கல் என்று அவரிடம் சொன்னேன். சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

“ஏலே ராமசுப்பு, வயித்துக்குள்ள என்ன பேப்பரா படிக்கப் போறேன்? எது கருக்குழாய், எது குடல்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்குத் தெரியும்ல. எழுபத்தெட்டு பேரு படுத்துக் கெடக்காவ. மூணு குழாயும் வந்தாகணும்” என்றார்.

சாயங்காலம் வராந்தாவில் ஜமுக்காளத்தில் வரிசையாகக் கிடந்த பெண்களுக்கு நடுவில் முத்துசெல்வியைப் பார்த்தேன். பால்வாடி டீச்சர் கல்யாணசுந்தரிக்கு ஒரு ஆள் குறைந்ததாம், கெஞ்சினாளாம், இவள் வந்துவிட்டாள். “ஒண்ணும் செய்யலண்ணே. லேசா காத்து முட்டுது, அவ்வளவுதான்” என்று சிரித்தாள். அவள் கையில் ஐம்பத்தொன்று என்று எழுதியிருந்தது. எந்தக் குழாய் என்று உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். மங்கல் குழாய்.

மூன்றாம் நாள் அவள் வயிறு பானை போல உப்பிக்கொண்டது. அந்த ஆபரேஷன் செய்துகொண்ட எல்லாப் பெண்களுக்கும் உள்ளே அடைத்த காற்று இரண்டு நாள் நிற்கும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அதனால் யாருமே பயப்படவில்லை. மாடக்கண்ணு வீட்டில் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். நான் டாக்டரிடம் ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. “காத்துதாம்ல. இறங்கிரும், போ” என்றார். குடலில் ஓட்டை விழுந்திருந்தது, சார். ஐந்தாம் நாள் திருநெல்வேலிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோகும்போது, பாதி வழியில், என் மடியில் அவள் உயிர் போயிற்று.

விசாரணைக்கு ஒருவர் வந்தார், அரை மணி நேரம் இருந்தார். கருவி முறைப்படி சான்று பெற்றது, மரணத்துக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்லை என்று இரண்டு வரி எழுதினார். மாடக்கண்ணு கைநாட்டு வைத்தான். காகிதம் டாக்டரைக் காப்பாற்றிவிட்டது. ஒரு மாதம் கழித்து நானே அவரிடம் போய் முத்துசெல்வி என்றேன். “யாருலே அது?” என்று நெற்றியைச் சொறிந்தார். பிறகு, “ஓ, அந்த எப்போதும்வென்றான் கேஸா” என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன். கோபம் என்றால் ஆறிவிடும் என்பார்கள். எனக்குப் பத்து வருஷம் ஆறவில்லை. அவர் செத்தால் போதாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் மடியிலும் ஒரு உயிர் போக வேண்டும் என்று நினைத்தேன்.

அவரை விட்டு நான் விலகவே இல்லை. அவர் வேலையை விட்டுக் கோவில்பட்டியில் சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்தபோது பால் காய்ச்ச நானும் போனேன். அவருடைய கருவிகளை எல்லாம் நான்தான் பார்த்துக்கொடுத்தேன். தொண்ணூற்று நாலுக்குப் பிறகு அவருக்குக் காகிதத்தின் அருமை தெரிந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரிக்கு அவசியமில்லை என்றாலும் என் பச்சைச் சீட்டு இல்லாமல் எந்தக் குழாயையும் தொடமாட்டார். ராமசுப்பு கண்ணு பார்த்தா தப்பாதுன்னு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இந்த வருஷம் சித்திரையில் அவர் மகள் தீபலட்சுமி சென்னையிலிருந்து வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளையில்லை. குழாய் விட்டு ஒருமுறை உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். “எவன் கையிலயோ எதுக்கு என் பிள்ளையைக் குடுக்கணும்? நானே பாக்குதேன்” என்று டாக்டர் என்னிடம் சொன்னார். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை.

அவரிடம் இரண்டு குழாய்கள் இருந்தன. நல்லதை ரிப்பேர் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். மற்றதை ஜன்னலில் காட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கறுப்பு. அதற்குப் பச்சைச் சீட்டு கட்டினேன். நான் ஒரு இழையைக்கூட ஒடிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் அவர் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னலே, மங்கலாத் தெரியுது” என்றார். நர்சுகள் நின்றார்கள். நான் பக்கத்தில் போய் மெதுவாக, “குழாய் பளிச்சுனு இருக்கு சார். உங்களுக்குப் புரை விழுந்திருக்கும்” என்றேன். அவருக்கு அறுபத்தாறு வயது. கண்ணில் குறை என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அந்தக் குழாயோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்.

மூன்றாம் நாள், நல்ல குழாயைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். தீபலட்சுமி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறிப் போய், வயிறு போர்வைக்கு மேலேயே உப்பித் தெரிந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “காத்துதாம்மா, காத்துதான்” என்று அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து மருந்து எடுக்கப் போனதும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க. இந்தக் காத்து எப்ப இறங்கும்?”

அந்த நேரம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். இன்றைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு வார்த்தை போதும். நல்ல பெண். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். உட்காருங்க அண்ணாச்சி என்று அந்த வலியிலும் நாற்காலியைக் காட்டினாள். நான் உட்கார்ந்தேன்.

“ரெண்டு நாள்ல சரியாயிரும்மா. ஓமத்தண்ணி குடிங்க” என்றேன்.

ஆறாம் நாள் போய்விட்டாள். காரில் கொண்டுபோகும்போதுதான். டாக்டர் மடியில் தலை வைத்திருந்தாளாம்.

பிறகு ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். டாக்டர் தொழிலை விட்டுவிட்டார். துக்கம் கேட்க வருகிற எல்லாரிடமும், எங்கண்ணுதான் எம்பிள்ளையைக் கொன்னுட்டு என்று சொல்லி அழுகிறார். ஊரே பாவப்படுகிறது. நேற்று என் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. விதி என்று நினைத்துக்கொண்டு அவர் சாகக் கூடாது. இது முத்துசெல்விக்காகச் செய்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தூக்கானாலும் சரி, எனக்கு அது போதும்.

என்ன சார், பழைய கட்டைப் பிரிக்கிறீர்கள்? தொண்ணூற்று நாலு விசாரணைக் காகிதமா? ஆமாம், அதோடு பின் குத்தியிருப்பது அந்த மங்கல் குழாயின் சீட்டுதான். பச்சைதான். கையெழுத்து என்னுடையதுதான். டாக்டர் மூன்று குழாயும் வேண்டும் என்றார், போட்டேன். மேலே இருக்கிறவர்கள் சொன்னால் போடத்தானே வேண்டும். அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அன்று அந்தக் குழாயில் இருபத்தாறு பேருக்குப் பார்த்தார்கள், இருபத்தைந்து பேர் நன்றாக வீட்டுக்குப் போனார்கள். பாதிக்கு மேல் கறுத்திருந்தது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். முகாமுக்குப் பத்து நாள் முன்பே தெரியும். அதனால்தானே முத்துசெல்வியை மட்டும் கூப்பிட்டு, இந்த மாதம் முகாமுக்குப் போகாதே, ஏப்ரலில் புதுக் குழாய் வரும், அப்போது வா என்று சொல்லிவைத்திருந்தேன்.