சக்கரக் காற்றைக் காத்த ஹார்லன் ட்வைட்டுக்கு

அலாஸ்காவின் உறைபனியிலும் உறுதி உறையாத உத்தமரே! பெத்தெல் நகரத்துச் சிறு விமானக் கொட்டகையில் முப்பத்தோராண்டு முழந்தாளிட்டு உழைத்த மூத்த மெக்கானிக்கே! வணக்கம் சொல்ல வாய் கூசுகிறது, ஆயினும் வணங்குகிறோம்.

ஆணி குத்தாமலே, நின்ற இடத்தில் நின்றபடியே, விமானச் சக்கரத்து டியூப் நாளுக்குக் கொஞ்சமாகக் காற்றை இழக்கும். குளிர் மிகுந்தால் குறையும் மிகும். காலைதோறும் அழுத்தம் அளந்தீர்கள். வால்வில் சோப்பு நுரை தடவிக் குமிழி தேடினீர்கள். உலோக மூடியிட்டு இறுக்கினீர்கள். டயரையும் அதைத் தாங்கும் உலோக வளையத்தையும் சேர்த்துச் சிவப்புக் கோடு தீட்டி, “கோடு விலகிடுச்சுன்னா டயரு வழுக்கியிருக்குன்னு அர்த்தம். வண்டிய எடுக்காதீங்க” என்றீர்கள். உடன் வேலை பார்த்த நாங்களோ உங்களைக் ‘காத்து வைத்தியர்’ என்று கேலி பேசினோம்.

ஆறாண்டுக்கு முந்தைய பிப்ரவரிக் காலையில், அஞ்சல் விமானத்தின் இடச் சக்கரத்தில் காற்றுப் பாதிதான் இருந்தது, கோடும் விலகியிருந்தது. பறக்கலாமென்று பதிவேட்டில் ஒப்பமிட மறுத்து, புது டியூப் எடுக்கக் கிடங்குக்குப் போனீர்கள். அந்நாள் மேலாளர் டேல் ரஸ்டாட், “காத்த அடிச்சு அனுப்புங்கப்பா. அந்த ஆளு எப்பவும் இப்படித்தான்” என்றார். அடித்தவர்கள் நாங்கள். எல்லாம் சரியென்று விமானி தெரேசா அலெக்ஸியிடம் சொன்னவர்களும் நாங்களே.

ஆற்றோரக் கிராமத்தில் இறங்கி அவர் பிரேக்கை அழுத்தியதும், டயர் வளையத்தில் வழுக்கி, டியூபின் வால்வு அறுந்து காற்றெல்லாம் போயிற்று. விமானம் திரும்பிப் பனிமேட்டில் மோதியது. தெரேசாவின் முதுகெலும்பு முறிந்தது. சரிபார்த்தவர் என்று பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதியவர் ரஸ்டாட். அதைக் கண்டிருந்தும், நீங்கள் பார்த்தே அனுப்பியதாக விசாரணையில் சொன்னோம். உங்கள் உரிமம் பறிபோயிற்று. அதே கொட்டகை வாசலில் ஆறு குளிர்காலம் பனி வாரினீர்கள். எங்களைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. மதிய உணவை மட்டும் தனியே உண்டீர்கள்.

சென்ற வாரம், உங்களுக்கென்று எழுதிய, புகழ்மொழிகளால் நிறைந்த ஒரு மடலுடன் தெரேசாவிடம் ஒப்பம் கேட்டுப் போனோம். சக்கர நாற்காலியில் இருந்தபடி முழுவதும் படித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் இதுல இல்லையே” என்று திருப்பிக் கொடுத்தார்.

அதைக் கிழித்தோம், இதை எழுதினோம். இதன் படியொன்று இன்று காலை விசாரணை அலுவலகத்துக்குப் போய்விட்டது. உரிமம் திரும்பி வரலாம், ஆறாண்டுகள் வரா. மன்னிப்புக் கேட்கும் தகுதி எங்களுக்கில்லை. நோயின்றி, எங்கள் நினைவுமின்றி, நெடுங்காலம் வாழ்க! இம்மடலை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். கொட்டகையில், எங்கள் கண்ணெதிரே மாட்டியிருக்கிறோம்.

இங்ஙனம்,
காற்றடித்த கோர்டன் பெல்டோலா,
எல்லாம் சரியென்று சொன்ன மார்வின் நிக்,
வாய்மூடி நின்ற மற்ற ஊழியர்கள்.