டிராக் பேன்ட்டுக்குள் ஒரு துப்பாக்கி

உப்பளம் மைதானத்துக்கு எதிரே, காலை நேரத்து டீக்கடை. எனக்கு முன்னால் டிராக் பேன்ட் அணிந்த ஒருவர், சிவப்புத் தொப்பி வைத்த ஏட்டிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

“துப்பாக்கிய சொருவுனா பேன்ட்டு எறங்குது ஏட்டய்யா. பேன்ட்டப் புடிச்சிக்கிட்டு, காலையில ஓடற மந்திரி கூடவே ஓடி எப்படிப் பாதுகாப்பு குடுக்கறது?”

“யூனிபார்ம்லயே ஓடேன்.”

“கூட ஓடறவங்க பயப்படறாங்களாம். துப்பாக்கி வெளிய தெரியவே கூடாதுன்னுட்டாரு மந்திரி.”

“அப்புறம் என்ன பண்ண?”

“மாமனாரு லுங்கி மேல கட்டற பச்சை பெல்ட்டு இருக்கில்ல, அத டீ-சர்ட்டுக்குள்ள கட்டி, காசு வைக்கிற பையில துப்பாக்கிய வச்சிட்டேன். ஓடுனாலும் அசையல.”

“அப்பறம் என்னடா கவலை?”

“இன்னிக்கு மந்திரி என்னப் பாத்துட்டு, ‘தொப்பை போட்டுடுச்சேப்பா, நாளையிலேர்ந்து ரெண்டு ரவுண்டு சேத்து ஓடு’ங்கறாரு.”

“அது துப்பாக்கிங்கய்யான்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள வயித்துல தட்டிப் பாத்துட்டாரு.”

“அப்பத் தெரிஞ்சிருக்குமே!”

அவர் டீயை வாங்கிக்கொண்டு, தன் வயிற்றை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“எப்படித் தெரியும் ஏட்டய்யா? துப்பாக்கி முதுகுப் பக்கம்ல இருந்துச்சு.”