பாறை என்று நான் குறித்த இடம்

மீன் ஏலக்கூடத்தின் இந்த வழுக்குத் தரையிலும் தம் நாற்காலியை ஆடாமல் நிறுத்தி, இந்த அவையையும் ஆடாமல் நிறுத்தியிருக்கும் தலைவர், எங்கள் மருத்துவர் அம்மா அவர்களே! கடலுக்குப் போகவும் தெரிந்து, கரைக்குத் திரும்பவும் தெரிந்த பெரியோர்களே! போனவர் திரும்பும்வரை அடுப்பை அணைக்காமல் காத்திருக்கத் தெரிந்த தாய்மார்களே! இடுப்பளவுச் சேற்றில் இறங்கிச் சிப்பி ஓடுகளைச் சுமந்த குழுத் தோழர்களே, தோழியர்களே! தூணில் சாய்ந்துகொண்டு, இவள் எப்போது முடிப்பாள் என்று கடிகாரத்தைப் பார்க்கும் அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வலை பின்னுகிறவளின் வணக்கம்.

பின்வரிசைக்கு ஒலிபெருக்கி கேட்கிறதா? "கேக்குது, கேக்குது, நீங்க பேசுங்க" என்கிறார் ஐஸ் ஆலைக்காரர். கேட்காவிட்டாலும் கவலையில்லை. என் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பது என் தெருவுக்கே தெரியும்.

அவையோரே! நான் பேசி முடித்ததும் தலைவர் உங்களைக் கை தூக்கச் சொல்வார். நம் விரிகுடாவில் இரண்டு சிப்பித் திட்டுகள் இருக்கின்றன. மூன்றாவதைப் போடலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. ஓடுகள் காய்ந்து தயாராக இருக்கின்றன. பைகளை நானே பின்னிவிட்டேன். ஆனால் படகுத்துறைப் பொறுப்பாளர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். என்ன தீர்மானம்? "தண்ணீர் இதுவரை தெளிந்தது போதும்." போதுமாம்! வீட்டைப் பாதி பெருக்கிவிட்டுத் துடைப்பத்தை ஒளித்துவைக்கிற தீர்மானம் இது.

நேற்று வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். எப்படி இருந்தது நம் தண்ணீர்? முழங்கைவரை விட்டால் விரல் தெரியாது. கழுவிய கையை மறுபடி கழுவ வேண்டும். சாயப்பட்டறை தன் சாயத்தை விட்டது, சந்தை தன் சாக்கடையை விட்டது, நாம் நம் வீட்டு வாளியை விட்டோம். ஊரே ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அதுதான்! சாயப்பட்டறைக் குழாயை அடைக்க மூன்று ஆண்டுகள் மனுவோடு அலைந்தோம். அடைத்த பிறகும் தண்ணீர் கறுப்பாகவே கிடந்தது. அப்போதுதான் சிப்பியை நம்பினோம்.

முத்து தரும் சிப்பி அல்ல, ஐயா. பார்க்க அழகே இல்லாத, பாறையில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும் கரட்டுச் சிப்பி. ஆனால் அந்த வாய் சும்மா இருப்பதில்லை. நாளெல்லாம் நீரை இழுக்கும், அழுக்கை வடிக்கும், தெளிவைத் துப்பும். ஒரு சிப்பி ஒரு நாளில் பல குடம் நீரை இப்படிச் சலித்துவிடும். அதற்கு நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்று: ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான இடம். சேற்றில் விழுந்தால் குஞ்சு செத்துப்போகும். அதனால்தான் உணவகங்களில் கழித்த ஓடுகளைக் கெஞ்சி வாங்கி, வெயிலில் மாதக்கணக்கில் காயவைத்து, பையில் கட்டிக் கடலில் இறக்கினோம். அந்தப் பைகளையும் சேறு விழுங்காமல் இருக்க, அடியில் பாறை வேண்டுமே! பாறைக்கு எங்கே போவது?

என் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் முணுமுணுக்க வேண்டாம்.

நீளக் கழியால் குத்திக் குத்தி அடிநிலம் பார்ப்பது நம் வழக்கம். சேறு என்றால் கழி சத்தமில்லாமல் இறங்கும். மணல் என்றால் நறநறக்கும். பாறை என்றால் தட்டும். ஐந்து நாள் குத்தினேன், எங்கும் சேறு. ஆறாம் நாள், சாக்கடை வாய்க்கு அப்பால், யாரும் வலை போடாத அந்த மூலையில், என் கழி தட்டியது. டொக். மறுபடி குத்தினேன். டொக், டொக். கதவைத் தட்டியதுபோல இருந்தது. "கிடைச்சிருச்சு! பாறை கிடைச்சிருச்சு!" என்று நான் கூவியது கரைக்கே கேட்டது. என்னோடு படகில் வந்த பெரியவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "இந்தப் பக்கம் பாறையே கிடையாதும்மா. அறுபது வருஷமா பாக்குறேன்" என்றார். நான் கேட்டேனா? சிவப்பு மிதவை கட்டினேன். எங்கள் குழுவின் வரைபடத்தில் 'பாறை' என்று எழுதினேன். முதல் திட்டை அங்கேயே போட்டோம்.

வளர்ந்ததா? எப்படி வளர்ந்தது! மற்ற இடத்தில் நகத்தளவு இருந்த குஞ்சு அங்கே உள்ளங்கை அளவு வளர்ந்தது. வாரம் ஒருமுறை நான் அங்கே போவேன். துடுப்பை நீரில் நட்டு, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பேன். செத்த கடலில் சத்தம் இருக்காது. உயிருள்ள திட்டில் சின்ன இறால்கள் குடியேறி, கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் ஒன்றிரண்டு. நான்காம் வருடம், அடேயப்பா, அடியில் யாரோ ஓயாமல் விரல் சொடுக்குவதுபோல! தனியாக இருந்தால் முதுகு சில்லிடும். ஆனாலும் எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. அங்கே உட்கார்ந்து, என் மனக்குறையையெல்லாம் கொட்டுவேன்.

என்ன மனக்குறை? உங்களுக்குத் தெரியாததா!

என் கணவர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை என்னோடு சண்டை போட்டார். துணிப்பையை எடுத்தார். அறை வைத்த தன் சிறு படகில் ஏறினார். மழைக்காற்று அடித்த காலை அது. அதன்பின் அவரும் இல்லை, படகும் இல்லை. நாலு நாள் தேடினோம். ஐந்தாம் நாள் நீங்கள் தேடலை நிறுத்தினீர்கள். ஏன்? ஒருவர் வந்து, "அவன அடுத்த துறையில பார்த்தேன், நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

அதன்பின் பார்க்காதவர் யார்? ஒருவர் சந்தையில் பார்த்தார். ஒருவர் பேருந்தில் பார்த்தார். ஒருவர், இடுப்பில் ஒரு குழந்தையோடு பார்த்தார், பக்கத்தில் ஒரு பெண்ணாம்! பதினைந்து வருடத்தில் என் கணவரை நீங்கள் ஆறு ஊர்களில் பார்த்தீர்கள். பார்த்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் யாரையும் சுட்டிக்காட்ட மாட்டேன். ஏன் தலையைக் குனிகிறீர்கள், நான்தான் சுட்டிக்காட்டவில்லையே!

முன்வரிசையில் என் மாமியார் இருக்கிறார். இத்தனை வருடமும் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உன் வாய்தான்டி என் புள்ளைய ஓட வெச்சுது." நான் பதிலுக்குச் சொன்னதும் ஒன்றுதான்: "ஓடுற புள்ளையப் பெத்தது யாரு அத்தை?" ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாங்கள் வேறு பேச்சே பேசியதில்லை.

இனிக் கேளுங்கள். இந்த ஆண்டு காற்று அடங்கிய ஒரு நண்பகல். கண்ணாடிபோலக் கிடந்தது கடல். என் மிதவைக் கயிறு எப்போதும் ஒரு முழத்தில் மறைந்துவிடும். அன்று மறையவில்லை. ஒரு முழம், இரண்டு முழம், ஓர் ஆள், இரண்டு ஆள் என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. முதன்முறையாக என் கண் அடிவரை போனது. அங்கே என் பாறையைப் பார்த்தேன். சிப்பி மூடிய பாறை. ஆனால் அதற்கு மூலை இருந்தது, ஐயா. நேரான ஓர் ஓரம் இருந்தது. பாறைக்கு ஏது நேரான ஓரம்? சிப்பிகளுக்கு நடுவே சதுரமாக ஓர் இருட்டு இருந்தது. ஜன்னல். அது என்னை அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தியை எடுத்தேன். மிதவைக் கயிற்றை அறுக்கப் போனேன். ஆமாம்! இந்த மேடையில் வீராவேசமாகப் பேசுகிற நான்தான். அறுத்துவிட்டால் இடம் தொலைந்துவிடும், எனக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும் என்று கை பரபரத்தது. ஓடிப்போனவர் மேல் கோபப்படலாம். அந்தக் கோபம்தான் என்னைப் பதினைந்து வருடம் நிற்கவைத்தது. அது போய்விட்டால் நான் எதில் நிற்பது? அறுக்கவில்லை. ஏன் அறுக்கவில்லை என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

முங்கிப் பார்க்க, நாம் 'நீர்க்காக்கா' என்று கூப்பிடும் நம் முக்குளிப்பு அண்ணனை அழைத்துப் போனேன். இறங்கினார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "படகு தங்கச்சி. நிமிந்து உக்காந்திருக்கு. பின்பக்கம் தகர ஒட்டு ஒண்ணு. ஏழு ஆணி. ஒண்ணு வளஞ்சிருக்கு."

அந்த ஆணியை வளைத்தது நான். சுத்தியல் வழுக்கி, நான் அடித்த ஆணி.

"உள்ள?" என்றேன்.

"கதவு சேத்துல இறுகிக் கெடக்கு" என்றார். அதன்பின், ஆள் உள்ளேதான் என்று தலையை ஆட்டினார்.

அவையோரே! ஆறு ஊர்களில் நடமாடிய என் கணவர், என் வலைக் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். அவர் தலைக்கு மேலிருந்த கூரையைத்தான் என் கழி தட்டியது. தட்டிவிட்டு, பாறை என்று சிரித்தேன். நான்கு வருடம், வாரம் தவறாமல், அவர் தலைக்கு மேலேயே உட்கார்ந்து, ஓடிப்போனவனே, கல் நெஞ்சுக்காரனே என்று அவரிடமே அவரைத் திட்டினேன். துடுப்பில் காதை வைத்து, கீழிருந்து சத்தம் வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொன்னேன். திட்டவில்லை, அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்ளோ பக்கத்துலயா இருந்தான்?"

அதிகாரிகள் வந்தார்கள். ஒரு சிப்பியைக்கூடப் பெயர்க்காமல், அந்த ஜன்னல் வழியாகவே நீர்க்காக்கா அண்ணன் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அண்ணா, உங்களைக் கும்பிடுகிறேன்.

இப்போது சொல்லுங்கள். அவரை யார் ஒளித்தது? கடலா? கடல் கூப்பிடு தூரத்தில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. நம் சாயம் ஒளித்தது! நம் சாக்கடை ஒளித்தது! நம் வாளி ஒளித்தது! கண்ணுக்குத் தெரியாததை நம் வாய் கதை கட்டி நிரப்பியது! அழுக்கு நீரில் மீன் மட்டுமா சாகும்? ஒரு மனிதனின் மானமும் செத்தது, ஒரு தாயின் மனமும் செத்தது. அந்த வாயில்லாப் பிராணிகள் வாயைத் திறந்து திறந்து, குடம் குடமாகச் சலித்து, அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தன.

பொறுப்பாளர் ஏன் 'போதும்' என்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். தெளிவு இப்போது படகுத்துறையின் இரண்டாம் தூண்வரை வந்திருக்கிறது. அதற்கு அப்பால் இன்னும் கறுப்பு. இந்த ஊரில் திரும்பாத படகுகள் இன்னும் நான்கு. நான்கு வீட்டாரும் இங்கே இருக்கிறீர்கள். மூன்றாம் திட்டு போட்டால்…

யாரோ எழுந்து நிற்கிறார்களே. யாரம்மா? நம் கருவாட்டுக் கொட்டகைத் தங்கச்சியா? பேசட்டும், விடுங்கள். அவளுக்குத்தான் பேச உரிமை. என்னம்மா சொன்னாய்? ஒலிபெருக்கியில் நான் திரும்பச் சொல்கிறேன், எல்லோரும் கேட்கட்டும். "எனக்குத் தெரிய வேணாம் அக்கா. எம் புருஷன் எங்கயோ ஓடியே போயிருக்கட்டும். உசுரோட இருக்கட்டும்" என்கிறாள்.

கை தட்டாதீர்கள். யாரும் அவளை உட்காரவும் சொல்லாதீர்கள்.

தங்கச்சி, நான் இத்தனை நேரம் பேசிய பேச்சுக்கு உன் ஒரு வார்த்தை சமம். ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டாம். நீ வீட்டுக் கதவுக்குத் தாழ் போடுகிறாயா? அவர் வந்தால் தட்டவேண்டாமே என்று வெறுமனே சாத்திவைக்கிறாய், இல்லையா? காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் தலை தூக்கிப் பார்க்கிறாய், இல்லையா? நானும் அப்படித்தான் பதினைந்து வருடம் கிடந்தேன். ஊருக்கு முன்னால் அவரைத் திட்டினேன், கதவுக்குத் தாழ் போடவில்லை. அவரைக் கொண்டுவந்து அடக்கம் செய்த அன்று, எழுந்து போய்த் தாழ் போட்டேன். அந்தச் சத்தம் கேட்டு அத்தையும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். பிறகு, தங்கச்சி, நாங்கள் தூங்கினோம்.

உன் கதவு அப்படியே இருக்கட்டும் என்றால் நீ கை தூக்க வேண்டாம். உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் வராது. உன் கணவர் உயிரோடு நடந்து வந்தால் முதலில் ஓடிவருகிறவள் நான்தான். ஆனால் மற்றவர்களே, பயமில்லாதவர்கள் கை தூக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பயத்தோடு தூக்குங்கள். கீழே இருப்பது யாராக இருந்தாலும் அவர் நம்மவர். நாம் கறுப்பாக்கிய நீருக்குள் அவரை விட்டுவைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், நேரம் பார்க்காத தலைவருக்கும், எதிர்த்து எழுந்து நின்ற என் தங்கச்சிக்கும் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.

அத்தை… தலைவர் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் ஏன் கையைத் தூக்கிவிட்டீர்கள்? கொஞ்சம் இறக்குங்கள், கை வலிக்கப் போகிறது.

மாட்டீர்களா? சரி அத்தை. நான் வந்து பிடித்துக்கொள்கிறேன்.