விடையை மூடு

— விடையை மூடு.

— மூடிட்டா எப்படிடி படிக்கிறது?

— கேளு முதல்ல. படிச்சது போதும், போடு. ரெண்டு நாளா கதைப் புத்தகம் மாதிரி வாசிச்சுக்கிட்டே இருக்க.

— வாசிச்சா புரியுதே. அடுத்த வரி என்னன்னுகூட முன்னாடியே தெரியுது.

— அது புத்தகக்காரன் போட்ட கணக்கு. நீ வேடிக்கை பாத்த, அவ்வளவுதான். அந்தச் சட்டைங்களைத் தள்ளி வச்சுட்டு ஒரு வெள்ளைத்தாள் எடு.

— மெதுவா தள்ளுடி. இஸ்திரி போட்டது கசங்குனா அம்மா நம்மளையும் சேத்து மடிச்சு வச்சிருவாங்க.

— அம்மா துணி குடுத்துட்டு வர்றதுக்குள்ள இந்த ஒண்ணைப் போடு. ஒரு செவ்வகம். அகலத்தைவிட நீளம் மூணு கூட. பரப்பு நாப்பது. அகலம் எவ்வளவு?

— நாலு.

— எப்படி?

— நாலுதான் வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு.

— அதான் வினை. புத்தகத்துல பரப்பு இருபத்தெட்டு. நான் நம்பரை மாத்திட்டேன். நீ பழைய விடையைத் தூக்கிக் குடுக்குற.

— இது ஏமாத்து வேலை.

— நாளைக்குப் பேப்பர்லயும் இந்த ஏமாத்து வேலைதான் இருக்கும்.

— அக்கா, ஒரே ஒரு தடவை நீ போட்டுக் காட்டேன்.

— காரியம் ஆகணும்னா அக்கா. மத்த நேரமெல்லாம் ரெட்டைப் பிள்ளைங்கள்ல என்ன பெரியவ சின்னவன்னு கேப்ப. மாட்டேன். இத்தனை வருஷம் உனக்குப் பதிலா எழுதுனதே போதும்.

— கத்தாதே. பக்கத்துக் கடைக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். உன் வகுப்புக்குக் காலையில கணக்கு டெஸ்ட், என் வகுப்புக்கு மதியம். காலையில உன் பெஞ்சுல நான், மதியம் என் பெஞ்சுல மறுபடியும் நான். ஒரே மூஞ்சி, ஒரு டீச்சருக்கும் சந்தேகம் வரல. நாளைக்குப் பொதுத்தேர்வு. எல்லாருக்கும் ஒரே நேரம். அங்க எப்படி மாத்தி உக்காருவ?

— தெரியும்டி. அதுக்குத்தான ரெண்டு நாளா இதை வாசிக்கிறேன்.

— துணி எடுக்க வர்ற ஆளுங்ககிட்டயெல்லாம் அம்மா, ரெண்டு பொண்ணும் கணக்குல புலின்னு சொல்லி வச்சிருக்காங்க. நீ ஃபெயிலானா எல்லாம் வெளிய வந்துரும். அவங்க மூஞ்சியை எப்படிப் பாக்குறது?

— எங்க தொடங்குறதுன்னே தெரியலடி.

— பேனாவை எடு. தெரியாததுக்கு முதல்ல ஒரு பேர் வை.

— அகலம் எக்ஸ். அப்ப நீளம் எக்ஸ் கூட்டல் மூணு. பெருக்குனா நாப்பது. எக்ஸ் வர்க்கம், கூட்டல் மூணு எக்ஸ், கழித்தல் நாப்பது, சமம் பூஜ்யம். இதுக்கு மேல மறந்துபோச்சு.

— மறக்கல. நீ இன்னும் தேடவே இல்ல. தேடு.

— ரெண்டு எண் வேணும். பெருக்குனா கழித்தல் நாப்பது, கூட்டுனா மூணு. பத்தும் நாலும்... இல்ல, ஆறு வருது. இரு, சொல்லாதே. எட்டும் கழித்தல் அஞ்சும். அப்ப எக்ஸ் அஞ்சு, இல்லன்னா கழித்தல் எட்டு.

— ரெண்டுல எது?

— எந்த ஊர்ல அகலம் கழித்தல்ல இருக்கும்? அஞ்சுதான். நீளம் எட்டு. அஞ்செட்டு நாப்பது. சரியா வருது. நானே போட்டேன்டி.

— ம்.

— இன்னொண்ணு குடு. பாடத் தலைப்பைக் காட்டாம கலந்து குடு. எந்த வழின்னு நானே கண்டுபிடிக்கிறேன்.

— ம்.

— என்ன ம்? ரெண்டு நாளா கடிச்சுக் குதறுன. இப்ப வந்துருச்சுன்னா சந்தோஷப்பட மாட்டியா? ஏய், ஏன் அழுவுற?

— நீ நாளைக்குத் தப்பிச்சிருவ. நாளன்னைக்குக் கட்டுரைப் பேப்பர். என் பெஞ்சுல உக்காந்து நீ எழுதுன கட்டுரைங்களைத்தான் என் பேரைப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க. நான் இதுவரைக்கும் சொந்தமா ஒரு பத்திகூட எழுதுனது இல்லடி.